புனேயில் ஆறு வாரம்: குடல் நோய்ப் பயிற்சியும் சண்முகம் அண்ணாச்சியின் வாக்கிங்கும்

2006 ஜூலையில், குடல் அழற்சி நோய்களில் சிறப்புப் பயிற்சிக்காக ஆறு வாரம் புனேயில் இருந்தேன். பாளையங்கோட்டையில் என்னிடம் வருகிறவர்களில் பலர் மூலநோய் என்று நினைத்து வருடக்கணக்கில் மருந்து தின்றவர்கள். பெருங்குடல் முழுக்கப் புண்ணான பிறகே வந்து சேர்கிறார்கள். அவர்களுக்கு மாத்திரை எழுதித் தரும் அளவுக்குத்தான் நான் படித்திருந்தேன். அது போதவில்லை என்ற எரிச்சல்தான் என்னைக் கிளப்பியது. இதே பயிற்சிக்குப் போகிறவர்களுக்கும், நோயாளியை அழைத்துப் போகிறவர்களுக்கும் இது உதவட்டும்.

சென்னையிலிருந்து புனே ரயிலில் சுமார் 1,090 கிலோமீட்டர், இருபது மணி நேரம். ஸ்லீப்பர் 350 ரூபாய்க்குள் முடிந்தது. ஜூலையில் குடையை நம்பாதீர்கள், ரெயின்கோட் வாங்குங்கள். ஸ்டேஷனிலிருந்து மருத்துவமனை இருக்கும் சிவாஜிநகருக்கு ஆட்டோ 35 ரூபாய். மீட்டரில் ஓடுவது ஓர் எண், கொடுப்பது வேறு எண். "கார்ட் தாக்வா" என்று கேட்டால் டிரைவர் கட்டண அட்டையை எடுத்து நீட்டுவார். இந்த இரண்டு மராத்திச் சொற்களை வைத்துக்கொண்டுதான் ஆறு வாரத்தையும் ஓட்டினேன். சாம்பார் இனிக்கும், அதற்கு மருந்தில்லை.

முதல் இரண்டு வாரம் குடலுக்குள் குழாய்க் கேமரா விட்டுப் பார்க்கும் அறையிலேயே கழிந்தது. எங்களுக்குப் பயிற்சி தந்த மருத்துவர் ஒரு மராத்திப் பெண்மணி, எல்லோருக்கும் மேடம். "கேமராவைப் பிறகு பார், முதலில் ஆளைக் கேள்" என்பது அவர் கொள்கை. ஒரு நாளில் எத்தனை தடவை வெளிக்குப் போகிறீர்கள், ரத்தம் உண்டா, இரவில் எழுந்தீர்களா என்று ஒவ்வொரு வாரமும் கேட்டு மதிப்பெண் போடுவார். மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் ஆராய்ச்சிக்குக் குறிப்பதும் அதை வைத்துத்தான்.

மூன்றாம் வாரம் வியாழக்கிழமைதான் சண்முகம் அண்ணாச்சியை (பெயரை மாற்றியிருக்கிறேன்) முதலில் பார்த்தேன்; மேடத்திடம் ஏற்கெனவே மருந்து எடுத்துவந்தவர். திருநெல்வேலிப் பக்கம். மனைவி காலமான பிறகு, பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் மகனோடு தாபோடி குவார்ட்டர்ஸில் இருந்தார். ஒவ்வொரு வாரமும் மருமகள் கவிதா லீவு போட்டு ஆட்டோவில் கூட்டிவருவாள். மேடம் இந்தியில் கேட்பதை அவள் தமிழில் கேட்பாள்.

"மாமா, எத்தன வாட்டி?"

"ரெண்டு."

கவிதாவுக்கு முகமெல்லாம் மலர்ச்சி. "இப்பல்லாம் நாளுக்கு அஞ்சாறு தடவ வாக்கிங் போறாங்க டாக்டர்" என்று என்னிடம் பெருமையாகச் சொன்னாள்.

மேடம் அன்று ஸ்டீராய்டைக் குறைப்பதாக இருந்தார். ஆனால் ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் வாராவாரம் இறங்கிக்கொண்டிருந்தது. இந்த ஆள் சொல்வதும் ரத்தம் சொல்வதும் பொருந்தவில்லையே என்று என்னைப் பார்த்தார். எனக்கு எங்கள் ஊர் ஆம்பளைகளைத் தெரியும். கவிதாவிடம், "கீழ போய் ஒரு டீ குடிச்சிட்டு வாம்மா" என்றேன். அவள் போனதும் கதவைச் சாத்தினேன்.

"அண்ணாச்சி, நான் பாளையங்கோட்டைக்காரன். நெசமா எத்தன வாட்டி?"

அவர் கதவைப் பார்த்தார். "பத்து, பதினோரு வாட்டி போவுதேன். ரத்தமாத்தான் போவுது. மருமவகிட்ட இத எப்படிச் சொல்லுதது, டாக்டரய்யா?"

வாக்கிங் என்று கிளம்பியதெல்லாம் குவார்ட்டர்ஸ் பின்னால் இருந்த பொதுக் கழிப்பறைக்கு. எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. அன்று மருந்தைக் குறைத்து அனுப்பியிருந்தால் குடலையே வெட்டி எடுக்க வேண்டி வந்திருக்கும், அல்லது அதற்கும் நேரம் இருந்திருக்காது.

உடனே வார்டில் சேர்த்து ஊசி மருந்து தொடங்கினோம். விஷயம் தெரிந்ததும் கவிதா அழுதாள். கோபமும் இருந்தது. "எங்கப்பாவா இருந்தா சொல்லிருப்பாங்கல்ல?" என்றாள். சொந்த அப்பாவும் சொல்லியிருக்க மாட்டார் என்றுதான் எனக்குத் தோன்றியது. ஐந்தாம் நாள் ரத்தம் நின்றது. மேடம் அடுத்த வியாழனிலிருந்து புது வழக்கம் வைத்தார்: மொழிபெயர்க்க வேறு ஆள், கூட வந்தவர்களுக்குப் பத்து நிமிடம் வெளியே இடம்.

ஆறு வாரத்தில் கேமரா பிடிக்க நன்றாகவே கற்றுக்கொண்டேன். ஆனால் ஊருக்கு நான் முதலில் கொண்டுவந்தது அந்தப் பத்து நிமிடத்தைத்தான். நோயாளியோடு போகிறவர்கள், மருத்துவர் சொல்லாவிட்டாலும், கொஞ்ச நேரம் எழுந்து வெளியே போங்கள். தப்பாக நினைக்க அதில் ஒன்றுமில்லை.

கடைசியாகப் போக்குவரத்து. தாபோடிப் பக்கம் தங்கினால் சிவாஜிநகருக்கு லோக்கல் ரயிலே சௌகரியம்: பத்து நிமிடம்தான், டிக்கெட் நாலு ரூபாய். என் கடைசி வியாழக்கிழமை அண்ணாச்சி அதில்தான் வந்தார், தனியாக.

"லோக்கல்ல கக்கூஸ் கிடையாதே அண்ணாச்சி" என்றேன்.

"தெரியும் டாக்டரய்யா. அதாம் அதுல வந்தேன்."