துண்டுக்கு அடியில் முழங்கை

கையை மடக்கினால் முழங்கையின் உட்பக்கம் சப்பையாகிப் போனது. அந்த வருடக் குற்றாலச் சாரல் சீசன் முழுவதும் எனக்கிருந்த பெரிய கவலை அதுதான். என்னுடைய கை அல்ல. தென்காசி கடைத்தெருவில், ஒரு ஜவுளிக்கடையின் மாடியிலிருந்த கம்ப்யூட்டர் சென்டரில், திரைக்குள் நின்ற ஒரு ஆளின் கை.

சொல்வதற்கு எளிதான விஷயம். ஆளின் வெளிக்கோட்டைப் புள்ளிகளால் வரைந்திருந்தேன். உள்ளே எலும்புக்குப் பதிலாகக் கோடுகள்: மேல்கைக்கு ஒன்று, முன்கைக்கு ஒன்று. ஒவ்வொரு புள்ளியும் ஏதாவது ஒரு கோட்டின் பேச்சைக் கேட்கும். கோடு திரும்பினால் புள்ளியும் கூடவே திரும்பும். தகராறு முழுக்க முழங்கையை ஒட்டிய புள்ளிகளிடம்தான். அவற்றை ஒரே கோட்டின் பேச்சைக் கேட்கச் சொன்னால், மடக்கும்போது ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டன. இரண்டு கோடும் சொல்வதைப் பாதிப் பாதி கேளுங்கள் என்றால், இரண்டு இடத்துக்கும் நடுவில், கைக்குள்ளேயே போய் விழுந்தன. பப்பாளி இலையின் தண்டை மடக்கினால் மடக்கின இடம் நசுங்குமே, அதே மாதிரி.

இதைச் சரிசெய்வதில் எனக்கு என்ன அவசரம் என்றால், பெங்களூர். டெலிவிஷன் விளம்பரங்களைக் கம்ப்யூட்டரில் செய்யும் ஒரு கம்பெனி நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருந்தது. சான்றிதழ்களோடு, நீங்களே செய்து அசைய வைத்த ஒரு உருவத்தையும் ஃபிளாப்பியில் கொண்டு வரவும் என்று எழுதியிருந்தார்கள். அப்பா தாலுகா ஆபீசில் தலைமை குமாஸ்தா. ஒரு விஷயத்தை ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லும் வழக்கம் அவருக்குக் கிடையாது, நிபந்தனைதான் போடுவார். ஆடி முடிவதற்குள் வேலை கையில் இருந்தால் பெங்களூர். இல்லையென்றால் ஆவணி பிறந்ததும் செங்கோட்டை வரன் பெண் பார்க்க வரும்.

"அவசரப்படுத்தலட்டி," என்றார். "தேதி மட்டும் சொல்லுதேன்."

கலர் திரை உள்ள கம்ப்யூட்டர் எனக்குத் தெரிந்து ஊரில் ஒன்றுதான் இருந்தது, அந்த மாடியில். சென்டர் நடத்திய அண்ணாச்சி அதற்கு முன்னால் டைப்ரைட்டிங் சொல்லிக் கொடுத்தவர். படிக்க வந்தவர்கள் போக மீதி நேரத்தில் நான் உட்காரலாம் என்றார், ஒரு வேலை செய்து கொடுத்தால். ஐந்தருவி போகிற வழியில் லாட்ஜ் வைத்திருந்த ஒருவர் அவருக்குச் சிநேகிதர். லாட்ஜ் வாசலிலேயே எண்ணெய்க் குளியலுக்கு ஆள் வைத்திருந்தார். வரவேற்பறை டி.வி.யில் ஓட ஒரு விளம்பரம் வேண்டும்: ஒரு ஆள் தலையில் எண்ணெய் வைத்துத் தேய்க்க வேண்டும், பிறகு அருவியில் நிற்க வேண்டும். கம்ப்யூட்டரின் பின்னாலிருந்து ஒரு வயரை வி.சி.ஆரில் செருகினால் கேசட்டில் பதிந்துவிடும். லாட்ஜ்காரருக்குப் பிடித்தால் சீசன் முடியும்வரை கம்ப்யூட்டர் எனக்கு. பிடிக்காவிட்டால் படிக்க வருகிறவர்களுக்கு.

அதே ஆளை ஃபிளாப்பியில் போட்டுக்கொண்டு பெங்களூர் போய்விடலாம் என்று கணக்குப் போட்டேன்.

அந்தத் திரை ஒரே சமயத்தில் நான்கு நிறம்தான் காட்டும். எந்த நான்கு என்பதையும் நாம் தீர்மானிக்க முடியாது. மனிதத் தோலுக்குக் கிட்டத்தட்ட வருகிற பழுப்பை எடுத்தால் வெள்ளை கிடைக்காது, வெள்ளை இல்லாமல் அருவி இல்லை. வெள்ளையை எடுத்தால் மீதி: கறுப்பு, நீலப்பச்சை, கண்ணில் அடிக்கிற ரோஸ். ஆள் ரோஸ் ஆனான்.

முழங்கைக்கு வருகிறேன். செய்து பார்த்ததெல்லாம் தோற்றபின் முழங்கைக்கென்று தனியாகச் சில புள்ளிகளைச் சேர்த்தேன். அவை எந்தக் கோட்டின் பேச்சையும் கேட்காது, கோணத்தின் பேச்சைத்தான் கேட்கும். கை மடங்க மடங்க அவை வெளியே தள்ளும். எவ்வளவு தள்ள வேண்டும் என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஒரு எண்ணை மாற்ற வேண்டும், ஓட்ட வேண்டும், ஒவ்வொரு படமாக அது வரைந்து முடிக்கும்வரை டீ ஆறுகிறதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், முழங்கை புடைத்திருக்கிறதா நசுங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பாதியில் கரண்ட் போகும். சாரல் காலத்தில் கரண்ட் போனால் ஏன் போனது என்று யாரும் கேட்பதில்லை, எப்போது வரும் என்று மட்டும் கேட்பார்கள். ஈரத்தில் ஃபிளாப்பிகளின் உள்ளே பூஞ்சை பூத்தது. அரிசி டப்பாவுக்குள் புதைத்து வைத்தேன். அம்மா உலை வைக்க அரிசி எடுக்கும்போதெல்லாம், "உன் பெங்களூரு கையில தட்டுதுட்டி," என்பாள்.

ஒருநாள் சாயங்காலம் கை மடங்கியது. உருண்டையாக, ஒழுங்காக, கையைப் போலவே மடங்கியது. நான் எழுந்து ஜன்னல் பக்கம் போய்க் கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்துவிட்டு வந்து மறுபடி ஓட்டினேன். மறுபடியும் மடங்கியது.

அசைவை எங்கிருந்து எடுத்தேன் என்று இங்கே சொல்லிவிட வேண்டும். பீரோக் கண்ணாடி முன்னால் நின்று, என் கையைப் பார்த்துத்தான். வேறெங்கே பார்ப்பது? பிறந்த நாள் முதல் குற்றாலத்தில் குளித்திருக்கிறேன், ஆனால் பேரருவியில் பெண்கள் பக்கம் வேறு, ஆண்கள் பக்கம் வேறு. ஆண்கள் எண்ணெய் தேய்க்கிற இடத்தைத் தாண்டும்போது எங்கள் வீட்டுப் பெண்கள் எல்லோரும் ஏதோ தூரத்தில் தெரிகிற மாதிரி மலையைப் பார்த்துக்கொண்டே நடப்போம். அந்த மலையை என்னால் கண்ணை மூடிக்கொண்டு வரைய முடியும்.

லாட்ஜ்காரர் பார்க்க வந்தார், மச்சினனையும் கூட்டிக்கொண்டு. அண்ணாச்சி நாற்காலிகளைத் துடைத்துப் போட்டார். ஓட்டினேன்.

"ஏன் தாயி இவன் ரோஸ் கலர்ல இருக்கான்?" என்றார் லாட்ஜ்காரர்.

நிறக் கணக்கைச் சொன்னேன். பாதியில், "சரி, வெள்ளைக்காரன் வெயில்ல நின்னா இப்படித்தான் ஆவான்," என்று அவரே சமாதானமானார். மீசை வேண்டும் என்றார். மீசை எளிது, மூக்குக்குக் கீழே ஒரு கோடு. அங்கேயே போட்டுக் காட்டினேன். திருப்தியாகத் தலையை ஆட்டினார். முழங்கையைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சரியாக இருக்கிற முழங்கையைப் பற்றி உலகத்தில் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மச்சினன் மட்டும் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் இருந்தார். மூன்றாவது தடவை ஓடும்போது தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார்.

"அத்தான், இவன் தேய்க்கதப் பாருங்க. பொம்பளையாள்லா இப்படித் தேய்ப்பா! தலையச் சாய்ச்சுக்கிட்டு, இல்லாத சடைய முன்னால இழுத்துவிட்டுக்கிட்டு..."

எல்லோரும் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். மீசை வைத்த ஆள் தலையை ஒரு பக்கம் சாய்த்து, உள்ளங்கையால் காதோரத்திலிருந்து நெஞ்சுவரை மெதுவாக வழித்தான், முட்டிவரை முடி இருக்கிற மாதிரி. பிறகு மறுபக்கம் சாய்ந்தான்.

"ஏன்வே, நல்லாத்தான தேய்க்கான்," என்று அண்ணாச்சி சொல்லிப் பார்த்தார், ஆனால் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பை முடித்துவிட்டு ஒரு யோசனை சொன்னார்: "ஒண்ணு செய்யலாம் தாயி. மீசைய எடுத்துட்டு முடிய வச்சிரு. சேலை ஒண்ணு கட்டிவிட்டுரு. சோலி முடிஞ்சுது."

"லாட்ஜ் வாசல்லயா?" என்றார் லாட்ஜ்காரர். "எம் பொண்டாட்டி என்னைய உள்ள விடமாட்டா."

எனக்கு அதைவிடப் பெரிய கவலை சேலை. ஒரு முழங்கைக்கே ஒரு மாதம் போயிருக்கிறது, சேலையில் எத்தனை மடிப்பு. அசைவை மாற்றித் தருகிறேன் என்றேன். அடுத்த வார ஞாயிற்றுக்கிழமைவரை கொடுத்தார்கள். அவர்கள் படியிறங்கும்போது மச்சினன் தலையைச் சாய்த்து வழித்துக் காட்டுவது கேட்ட சிரிப்பிலிருந்தே தெரிந்தது.

அப்பா எண்ணெய் தேய்த்துக் குளிப்பது சனிக்கிழமை. கொல்லைக் கிணற்றடியில். அந்த நேரத்தில் நாங்கள் யாரும் கொல்லைப்புறம் போவதில்லை. அவர் குளிக்கப் போகுமுன் கூடத்தில் வைத்துக் கேட்டேன்.

"அப்பா, ஆம்பளைங்க தலைக்கு எப்படி எண்ணெய் வைப்பாங்க?"

பேப்பரை இறக்கினார். "எப்படின்னா? கையாலதான்."

"செஞ்சு காட்டுங்க. சட்டையோட, எண்ணெய் இல்லாம."

அம்மா அடுக்களையிலிருந்து, "வேலைக்குப் போகப் படிக்கேன்னா. இப்ப அப்பனுக்கு வேசம் கட்டிப் பாக்கா," என்றாள்.

அப்பா வாசல் கதவைச் சாத்தினார். நடுக்கூடத்தில் நின்று, உள்ளங்கையைக் குழித்து, இல்லாத எண்ணெயை உச்சந்தலையில் சப்பென்று அடித்தார். பிறகு அடி அடியென்று அடித்தார். தலை அசையவே இல்லை. முழங்கை முகத்துக்கு நேரே மேலே போய், கை முழுக்க மடங்கி, முன்கை மேல்கையோடு ஒட்டிக்கொண்டது. சங்கடம் தீர்ந்து அவருக்கே அதில் ஒரு சூடு பிடித்து, பிடரியையும் தேய்த்துக் காட்டினார்.

"போதுமா?" என்றார்.

போதும். ஆனால் நான் பார்த்துக்கொண்டிருந்தது அவர் முழங்கையை. நான் செய்திருந்த பழைய அசைவில் கை செங்கோணத்துக்குக் கொஞ்சம் கூடத்தான் மடங்கியது. இது முழு மடிப்பு.

அடுத்த நாள் சென்டரில் ஓட்டினேன். பயந்தபடியே நடந்தது. முழு மடிப்பில் என் புள்ளிகள் வெளியே தள்ளிக்கொண்டு, முழங்கையில் ஒரு எலுமிச்சம்பழத்தைக் கட்டின மாதிரி ஆனது. தள்ளுவதைக் குறைத்தால் உட்பக்கம் பழையபடி நசுங்கியது. புள்ளிகளைக் கூட்டினேன், வேகம் குறைந்தது. எலும்பைச் சுருக்கினேன், கை குட்டையானது. கோணத்தை இரண்டாகப் பிரித்து, பாதிவரை ஒரு கணக்கு, அதற்குமேல் வேறு கணக்கு என்றேன். நடுவில் கை வெட்டி இழுத்தது. ஆளை ஒரு கட்டத்துக்குள் வைத்துக் கட்டத்தையே வளைக்கும் ஒரு முறையைப் பற்றிக் கல்லூரிச் சிநேகிதி ஜெராக்ஸ் அனுப்பியிருந்தாள். வளைத்தேன். கட்டம் வளைந்தது, கூடவே ஆளின் காதும் வளைந்தது. அந்த வாரம் நான் யாரிடமும் கத்தவில்லை. கத்துவதற்குச் சரியான ஆள் திரைக்குள் ரோஸ் நிறத்தில் நின்று தலையில் அடித்துக்கொண்டிருந்தான். அதைப் பார்க்க எனக்கு என்னையே பார்க்கிற மாதிரி இருந்தது.

அடுத்த சனிக்கிழமை மதியம், அப்பா குளித்துவிட்டுத் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு சாப்பிட வந்தார். சோற்றைப் பிசைகையில் துண்டு நழுவி முழங்கைமேல் விழுந்தது. அவர் எடுத்துப் போட்டார். மறுபடி விழுந்தது.

நான் பாதிச் சாப்பாட்டில் கை கழுவிவிட்டு சைக்கிளை எடுத்தேன்.

ஒரு வெள்ளைச் செவ்வகம். தோளில் தொங்கும், கை மேலே போகும்போது மடிப்பை மூடும், இறங்கும்போது லேசாக ஆடும். அரைமணிகூட ஆகவில்லை. ஒரு மாதம் முழங்கையோடு போராடியவளுக்கு அது எவ்வளவு எரிச்சலாக இருக்கும் என்பதை இந்த வேலை செய்தவர்களுக்குத்தான் சொல்லிப் புரியவைக்க முடியும்.

ஞாயிற்றுக்கிழமை லாட்ஜ்காரர் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"அப்பிடிப் போடு! இதத்தான் நான் அன்னைக்கே நெனச்சேன், என்னமோ குறையுதுன்னு. துண்டு இல்லாம எவன்வே குத்தாலத்துல குளிப்பான்?"

மச்சினன்கூட, "இப்ப இவன் ஆம்பள," என்று சான்று கொடுத்தார்.

கேசட் பதிந்தது. லாட்ஜில் சீசன் முழுக்க ஓடியது என்று கேள்வி. நான் போய்ப் பார்க்கவில்லை. கம்ப்யூட்டர் என் கைக்கு வந்தது, பெங்களூர் போகிற நாள்வரை. அந்த நாள்வரை முழங்கை சரியாகவும் இல்லை.

பஸ் ஸ்டாண்டில் அப்பாவிடம் உண்மையைச் சொன்னேன். துண்டுக்கு அடியில் கை நசுங்கித்தான் இருக்கிறது என்று.

அவர் யோசித்தார். "துண்டை எடுக்கச் சொன்னா?"

பஸ் ஏறினேன். வழியெல்லாம் பதில் தேடினேன், மூன்று நான்கு கிடைத்தன, எதுவும் நன்றாக இல்லை.

நேர்முகம் செய்தவர் மதுரைப் பக்கத்துக்காரர், பேச்சில் தெரிந்தது. ஃபிளாப்பியைப் போட்டார். அரிசி வாடை அடித்திருக்கலாம், ஒன்றும் சொல்லவில்லை. ஆள் தலையில் அடித்தான், துண்டு ஆடியது. இரண்டு தடவை பார்த்தார்.

"துண்டை எடுக்க முடியுமாம்மா?"

துண்டில்லாததும் அதே ஃபிளாப்பியில் இருந்தது. ஓட்டினேன். கை முழுக்க மடங்கும் இடத்தில் முழங்கை நசுங்கியது, அவருக்கு முன்னால், நல்ல பெரிய கலர் திரையில்.

"எதுவரைக்கும் தாங்குது?" என்றார்.

செங்கோணத்துக்குச் சற்று மேலே வரை என்றேன். அதற்குப் பிறகு நான் செய்து பார்த்ததையெல்லாம் வரிசையாகச் சொன்னேன், ஒவ்வொன்றும் எந்த இடத்தில் தோற்றது என்பதோடு. பட்டியல் நீளமாகத்தான் இருந்தது. அவர் கடைசிவரை கேட்டார். முடிந்ததும் எழுந்து, பக்கத்து அறையில் அவர்கள் கம்பெனி செய்திருந்த விளம்பரங்களைக் காட்டினார். பிஸ்கட் சாப்பிடும் ஒருவன், ஸ்கூட்டர் ஓட்டும் ஒருவன், குடை பிடிக்கும் ஒரு பெண். நிறங்கள் கணக்கில்லாமல் இருந்தன. தோல், தோல் நிறத்தில் இருந்தது. நான் பார்த்துக்கொண்டே வந்து, கடைசியில் கேட்டேன்:

"சார், ஏன் எல்லாருக்கும் முழுக்கைச் சட்டை?"

அவர் முதல் தடவையாகச் சிரித்தார்.

"எப்ப வந்து சேர முடியும்?" என்றார்.

ஆடி முடிய இன்னும் நாள் இருந்தது. அப்பாவுக்குத் தந்தி கொடுத்தேன். வேலையில் சேர்ந்த அன்று காலை ஒரு நாற்காலி, ஒரு மேசை, ஒரு திரை கொடுத்தார்கள். திரையில் ஸ்கூட்டர்காரன் நின்றிருந்தான், சட்டை இல்லாமல். முழங்கையை நீங்கள் பாருங்கள் என்றார்கள்.

இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.