பூவிழி பதில் சொல்ல எடுத்துக்கொண்ட நேரம்

என் தங்கை பூவிழிக்குத் திக்குவாய். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் வீட்டில் யாரும் இதை வாய்விட்டுச் சொன்னதே இல்லை. அதற்குப் பதிலாக அவள் பேச்சை நாங்களே முடித்துவைத்தோம். சாப்பிடும்போது அவள் ‘த’ என்று தொடங்கி நின்றால் நான் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவருவேன். சில நாள் அவள் கேட்க வந்தது தயிராக இருக்கும். அப்போதும் தண்ணீரைக் குடித்துவிட்டுப் பேசாமல் எழுந்துவிடுவாள்.

தடையில்லாமல் அவளுக்கு வந்த ஒரே சொல் ‘சரி’. எதைக் கேட்டாலும் சரிங்க. தங்கமான பெண், எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டாள் என்று சொந்தக்காரர்கள் மெச்சுவார்கள். நானும் பக்கத்தில் நின்று தலையாட்டியிருக்கிறேன். எனக்குப் பாலக்கோடு மார்க்கெட்டில் தக்காளி மண்டி. தினமும் ஏலம் கூவுகிற தொண்டை. எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து நானே பேசிக்கொண்டிருந்தேன்.

பி.ஏ. முடித்துவிட்டுத் தருமபுரியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தாள். பேச்சு அதிகம் தேவைப்படாத வேலை. குளிர்காலத்தில் அந்தக் கடைக்கு எதிரே திபெத்தியர்கள் ஸ்வெட்டர் கடை போடுவார்கள். அவர்களில் ஒரு அம்மாள் பிரார்த்தனைத் தாள்களை நகல் எடுக்கக் கொண்டுவந்திருக்கிறார். அந்த எழுத்து பூவிழிக்குப் பிடித்துப்போயிற்று. அந்த அம்மாளிடம் கேட்டு ஒரு நகலை வைத்துக்கொண்டு, போனில் பாடம் பார்த்து, பழைய பில் புத்தகங்களின் பின்பக்கத்தில் எழுதிப் பழகினாள். ஏதோ கோலம் போடுகிறாள் என்று நினைத்தேன்.

இரண்டு வருடம் கழித்து எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி போட்டாள். இமாச்சலத்தில் பௌத்தப் பெண் துறவிகளுக்காக நடக்கும் ஒரு கல்வி நிலையத்தில் இடம் கிடைத்திருக்கிறதாம். துறவியாகாத பெண்களும் அங்கே படிக்கலாமாம். இரண்டு வருடம் திபெத்திய மொழி, அதன்பின் நான்கு வருடம் பௌத்த தத்துவம். தமிழே தகராறாக இருக்கும்போது திபெத்திய மொழி எதற்கு என்று நான் எழுதினேன். கோபத்தில்தான் எழுதினேன். அவள் பதில் ஒரே வரி: “அங்க மொத வருசம் எல்லாருமே திக்கித்தான் பேசுவாங்க அண்ணா.” சொன்னபடியே கிளம்பியும் போனாள்.

ஆறு மாதத்தில் சளி பிடித்துத் திரும்பி வந்துவிடுவாள் என்று கணக்குப் போட்டேன். அவள் வரவில்லை. வாயால் பேசாததையெல்லாம் வாட்ஸ்அப்பில் கொட்டினாள். காலை ஆறு மணிக்கு எல்லாரும் சேர்ந்து பாடத்தை உரக்க ஒப்பிக்கிறார்கள், கூட்டத்தோடு ஒப்பிக்கும்போது தனக்கு ஒரு இடத்திலும் திக்குவதில்லை என்று ஒரு நாள் எழுதினாள். அடுத்த வாரமே, தத்துவப் படிப்புக்கு முன்தயாரிப்பாக, தர்க்க வகுப்பு தொடங்கிவிட்டது. அங்கேதான் சிக்கல்.

அங்கே தத்துவத்தைச் சும்மா படிக்க முடியாது, வாதம் செய்தாக வேண்டும். ஒருவர் தரையில் உட்கார்ந்திருப்பார். இன்னொருவர் நின்றபடி ஒரு கூற்றையும் அதற்கு ஒரு காரணத்தையும் சொல்லி, காலைத் தரையில் ஓங்கி மிதித்துக் கையைத் தட்டுவார். உட்கார்ந்திருப்பவர் கதை பேசக் கூடாது. ‘ஏற்கிறேன்’ என்று சொல்லலாம். ‘ஏன்’ என்று கேட்கலாம். ‘காரணமே தப்பு’ எனலாம். ‘காரணம் சரி, ஆனால் அதிலிருந்து இது வராது’ எனலாம். இவ்வளவுதான் அனுமதி. பதில் தாமதமானால் சுற்றி நிற்பவர்கள் கை தட்டி, சீக்கிரம் சீக்கிரம் என்று நெருக்குவார்கள்.

திபெத்திய மொழியில் ‘ஏற்கிறேன்’ என்பது ஒரே அசையாம். பூவிழிக்கு அதுதான் சட்டென்று வந்தது. ஆகவே கேட்டதற்கெல்லாம் ஏற்கிறேன் என்றாள். கால் மணி நேரத்தில் ஒன்றிலிருந்து ஒன்றாக இழுத்துக்கொண்டு போய், வெள்ளைச் சங்கின் நிறம் சிவப்பு என்று அவளையே ஒப்புக்கொள்ள வைத்துவிட்டார்கள். இதைப் படித்துவிட்டு மண்டியில் உட்கார்ந்து நான் சிரித்தேன். எங்கள் வீட்டிலும் இத்தனை வருடமாக இதுதானே நடந்தது என்று தோன்றியதும் சிரிப்பு நின்றுவிட்டது.

வாதம் வேண்டாம், எழுத்துத் தேர்வாக வைத்துக்கொள்ளலாம் என்று ஆசிரியையான துறவி அவளிடம் சொல்லியிருக்கிறார். எல்லாரையும் கேட்பது போலவே என்னையும் கேளுங்கள் என்று பூவிழி எழுதிக் கொடுத்திருக்கிறாள்.

மொழிப் படிப்பின் இரண்டு வருடம் முடிகிற சமயத்தில் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டாள். அறுவை சிகிச்சை ஆயிற்று. இனி கூடவே ஒரு ஆள் வேண்டும். என் மனைவி கலைமணி நர்ஸ், ஷிப்ட் வேலை. நானும் தாய்மாமன் மாதவராஜும் கூடிப் பேசி, பூவிழியை வரவழைத்து, அதன்பின் திரும்ப அனுப்பக் கூடாது என்று முடிவு செய்தோம். பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் அவளுக்கு வேலைக்கும் மாமா சொல்லிவைத்தார். வாயே திறக்கத் தேவையில்லாத வேலை என்று அதை வேறு பெருமையாகச் சொன்னார். அம்மாவைப் பார்க்க விடுமுறைக்கு வா என்று சொல்லி அழைத்துவருவது, வந்ததும் எல்லார் முன்னாலும் கேட்பது, அவள் சரி என்பாள். இதுதான் திட்டம். திட்டத்தில் பாதி என்னுடையது.

நானே போனேன். போய்ச் சேர்ந்த சாயங்காலம் அங்கே வாதம் நடந்துகொண்டிருந்தது. முற்றம் முழுக்கச் செந்நிற அங்கி, கைதட்டல், கூச்சல். எனக்கு எங்கள் ஏலம்தான் நினைவுக்கு வந்தது. நடுவில் சுடிதார் போட்டுக்கொண்டு என் தங்கை உட்கார்ந்திருந்தாள். எதிரே நின்ற இளம் துறவி எதையோ கேட்டுக் கையைத் தட்டினாள். பூவிழிக்குத் தாடை இறுகிவிட்டது. கண்ணை மூடினாள். சுற்றி நின்றவர்கள் ஈவு இரக்கம் இல்லாமல் கைதட்டி நெருக்கினார்கள். வழக்கம்போல அவளுக்காக முடித்துவைக்க வாயைத் திறந்துவிட்டேன். ஆனால் எனக்கு அந்த மொழி தெரியாது.

சொல்லை வெளியே தள்ளும் முயற்சியில் அவள் தோள் குலுங்கியது. ஒரு நிமிடம் இருக்கும். பிறகு அந்த ஒற்றை அசை ‘ஏற்கிறேன்’ இல்லாமல், நீளமான ஒரு பதிலை, துண்டு துண்டாக, கடைசி அசை வரைக்கும் சொன்னாள். யாரும் பாராட்டவில்லை, யாரும் பரிதாபப்படவும் இல்லை. எதிரே நின்றவள் தலையைச் சொறிந்துகொண்டு அடுத்த கேள்விக்குப் போனாள். நான் ஒரு தூணுக்குப் பின்னால் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டேன். இவள் என் தங்கை என்று அங்கே யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது.

இருந்தும் திட்டத்தை நான் மாற்றவில்லை. மூன்று நாள் ரயிலிலும் பஸ்ஸிலும் பக்கத்தில் உட்கார்ந்து வந்தும் அதைப் பற்றி அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஊர் வந்த மறுநாள் மாமா வந்தார். அம்மாவின் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்தோம். மாமா நிதானமாக எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னார். அம்மாவின் நிலைமை, கலைமணியின் ஷிப்ட், பள்ளிக்கூட வேலை. கடைசியில், “அப்ப நீ இங்கியே இருந்துக்க. சரிதானம்மா?” என்றார்.

பூவிழி வாயைத் திறந்தாள். தாடை இறுகியது. மாமா பழைய பழக்கத்தில் முன்னால் குனிந்து, “சரின்னு சொல்லு” என்று எடுத்துக்கொடுத்தார். நான் சட்டென்று அவர் கையைப் பிடித்தேன். “அவளே சொல்லட்டும் மாமா” என்றேன். முற்றத்தில் நின்றுவிட்டு வந்தவன், வேறு என்ன செய்வேன்?

நேரம் எடுத்துக்கொண்டாள். மூன்று இடத்தில் நின்றாள். நான் எழுதுவதுபோல ஒரே ஓட்டமாக அது வரவில்லை.

“அம்மாவுக்கு ஆளு வேணும். அது சரிங்க மாமா. ஆனா அந்த ஆளு நான்தான்னு அதுல இருந்து வரலீங்க.” பிறகு என் பக்கம் திரும்பினாள். “மத்தியானத்துக்கு மேல நீ சும்மாதான இருக்கற. ஏண்ணா, நீ பாத்துக்கக் கூடாதா?”

மதியத்தோடு என் ஏலம் முடிந்துவிடும் என்பதும், அதற்குப் பின் சாயங்காலம் வரை நான் டீக்கடையில் அரசியல் பேசுகிறேன் என்பதும் அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும். அம்மா தலையணையிலிருந்து என்னையே பார்த்தாள். மாமா தன் கையை என் பிடியிலிருந்து மெதுவாக உருவிக்கொண்டார்.

எனக்கு வாய் வரவில்லை. பூவிழி என் பதிலை எனக்காக முடித்துவைக்கவும் இல்லை, நெருக்கவும் இல்லை. மடியில் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அவள் எடுத்துக்கொண்டதைவிட அதிக நேரம் எனக்கு ஆயிற்று.

“நான் பாத்துக்கறன், நீ போய்ப் படி” என்றேன்.