நேர்ச்சைப் பெட்டியில் கிடந்த ஆபரேஷன் சீட்டு

கடற்கரை ஊரான இனயத்தில் எங்கள் தெருவில் எல்லாருமே டாக்டர்கள். 2013 ஆடியில் என் அப்பாவின் கண் மஞ்சளானதும் கீழாநெல்லி அரைத்தார்கள், உப்பில்லாக் கஞ்சி கொடுத்தார்கள். பத்தாம் நாள் அப்பா குளிர்காய்ச்சலில் நடுங்கினார். ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றேன். அப்பாவின் அக்கா, என் மாமி, சிரித்தாள்.

"பி.எஸ்ஸி. படிச்சா மஞ்சக்காமாலை தெரிஞ்சிருமாட்டி?"

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் தாண்டியவள் நான். அந்தச் சிரிப்பை மதிக்கவில்லை. அப்பாவைத் திருவனந்தபுரம் கொண்டுபோனேன். பித்தக்குழாயில் கல் அடைத்துச் சீழ் பிடித்திருந்தது. வயிற்றைத் திறந்தால் தாங்கமாட்டார், வாய்வழியாக ட்யூப் விட்டு எடுக்கலாம் என்றார் டாக்டர். ஆனால் முன்பு குடல்புண்ணுக்காக அப்பாவின் இரைப்பையில் பாதியை வெட்டியிருந்தார்கள். அப்போது குடலை எப்படி இணைத்தார்கள் என்று தெரியாமல் ட்யூபை எந்த வழியில் விடுவது? பழைய ஆபரேஷன் சீட்டை உடனே கொண்டுவரச் சொன்னார்.

அந்தச் சீட்டை, அப்பா அப்போது குணமானதுமே, அம்மா எங்கள் ஊர் அந்தோணியார் குருசடியில், அந்தச் சிறு கோவிலில், நேர்ச்சைக் காணிக்கையாக வைத்துவிட்டாள். குணமானவர்களின் சீட்டெல்லாம் அங்கேதான் போகும். அப்படியொரு அருமையான வழக்கம் எங்களுக்கு! ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் வழியெல்லாம் ஒரே ஜெபம்: "அந்தோணியாரே, அது உமக்கெதற்கு? அப்பாவுக்காகத் திருப்பித் தாரும்."

குருசடியில் மாமி வழிமறித்தாள்.

"வச்ச நேர்ச்சைய எடுத்தா அப்பன் போயிருவான்ட்டி!"

"எடுக்காட்டாத்தான் போயிருவாரு மாமி. தள்ளுங்க."

பெட்டியைத் திறந்தேன். கடற்காற்றில் நமத்து, ஒன்றோடொன்று ஒட்டிய காகிதங்கள். பாதியைக் கரப்பான் தின்றிருந்தது. என் வீறாப்பெல்லாம் போய் முழங்காலில் விழுந்து அழுதேன். அடியில் ஒரு பிளாஸ்டிக் கவர். எழுத்துத் தெரியாத என் அம்மா மூன்று சுற்றுச் சுற்றிக் கட்டியிருந்தாள். உள்ளே அப்பாவின் சீட்டு; ஓர் எழுத்துக்கூட அழியவில்லை.

மறுநாள் டாக்டர் அதைப் படித்தார். மாற்றித் தைத்த குடல் வழியாகவே நீண்ட ட்யூபை விட்டுக் கல்லை எடுத்தார். சீழ் வடிந்தது. அப்பா இன்று உப்பும் புளியும் போட்ட மீன்குழம்பு சாப்பிடுகிறார். கீழாநெல்லிதான் காப்பாற்றியது என்று மாமி ஊரெல்லாம் சொன்னாள். சொல்லட்டும்.

இப்போது செவ்வாய்தோறும் குருசடியில் இருக்கிறேன். நேர்ச்சைக்கு வரும் சீட்டை வாங்கி, நகல் எடுத்து, நகலைப் பெட்டியில் போட்டுவிட்டு அசலை வீட்டுக்கு அனுப்புகிறேன். அந்தோணியார் குறை சொன்னதில்லை. போன வாரம் மாமியும் தன் சர்க்கரை நோய்ச் சீட்டோடு வந்தாள்.

"இதுல என்ன எழுதியிருக்கு, வாசிச்சுச் சொல்லு மக்கா."

வாசித்துச் சொன்னேன். சிரிக்க ஆசை இருந்தது, சிரிக்கவில்லை.

இதை வாசிக்கும் சகோதரிகளே, படிப்பு என்னைக் குருசடி வரைதான் கொண்டுபோனது. அந்தக் காகிதத்தைக் கரப்பானுக்குக் கொடுக்காமல் வைத்திருந்தவர் அந்தோணியார். நீங்களும் நம்பிக் கேளுங்கள். கேட்டபின் எழுந்து போய்ப் பெட்டியைத் திறந்து பாருங்கள்.