இரவல்வாய்

கால்வாய்க்கரையில் அவளை இரவல்வாய் என்றுதான் கூப்பிடுவார்கள். கோபத்தில் வைத்த பேர் இல்லை. "இரவல்வாய் வந்துட்டாளா? அப்ப ஆரம்பிக்கலாம்" என்று, பிள்ளைகளைத் தொலைத்த அம்மாக்கள் மாடிப்படியில் உட்கார்ந்தபடியே சொல்வார்கள். அவர்கள் சொல்வதை வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு அவர்கள் பாஷையில் எடுத்துச் சொல்வது அவள் வேலை.

அந்த பாஷையை அவள் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை. கைக்குழந்தையாக இருந்த மகளை அக்காவிடம் விட்டுவிட்டு, கடல் தாண்டிப் போய் இன்னொருத்தர் வீட்டு இரட்டைக் குழந்தைகளை வளர்த்தாள். அந்தக் குழந்தைகள் பேசக் கற்றபோது கூடவே இவளும் கற்றாள். ஊர் திரும்பி இந்த வேலையில் சேர்ந்த புதிதில் வாயைத் திறந்தால் மழலையாகவே வரும். ஒரு தகப்பனின் விலா எலும்பு முறிந்ததைச் சொல்லும்போது, குழந்தை முட்டியைச் சிராய்த்துக்கொண்டு வந்து காட்டும்போது சொல்லுமே, அந்தச் சொல்லைப் போட்டுவிட்டாள். எழுதிக்கொண்டிருந்த வெளிநாட்டுக்காரர் பேனாவை வைத்துவிட்டு வெகுநேரம் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்.

"இவ அந்த பாஷையை ஏப்பம் விட வெச்சே கத்துக்கிட்டவ" என்று, அலுவலகத்தை நடத்தும் வக்கீலக்கா இன்றைக்கும் கேலி செய்வாள்.

அலுவலகம் டயர் கடைக்கு மேலே இரண்டு அறை. பஞ்சர் ஒட்டும் பசையின் வாசனை படியேறி வந்து மேஜை, நாற்காலி எல்லாவற்றிலும் உட்கார்ந்துவிட்டது. வாடகை, வக்கீலக்காவின் சம்பளம், அம்மாக்களின் பஸ் செலவு எல்லாம் எங்கோ இருக்கும் ஒரு அறக்கட்டளை கொடுப்பது. பெயிண்ட் கம்பெனி முதலாளி ஒருவரின் மனைவி, அவர் இறந்த பிறகு ஆரம்பித்தது. இங்கே யாரும் அந்த அம்மாளைப் பார்த்ததில்லை. பெயிண்டம்மா என்பார்கள்.

"பெயிண்டம்மா காசுல நடக்கிற ஆபீசு, சுவத்துல பெயிண்ட்டு இல்ல பாரு."

"அவங்களுக்கும் யாராவது காணாம போயிருப்பாங்களோ? இல்லாட்டி நம்ம பிள்ளைங்க மேல அவங்களுக்கு என்ன வந்துச்சு?"

இதைக் கேட்டுச் சொல்லும்படி ஒரு அம்மா நச்சரித்தாள். இரவல்வாய் கேட்டாள். அப்படியெல்லாம் ஒன்றுமில்லை, எங்கோ படித்துத் தெரிந்துகொண்டார்கள், அவ்வளவுதான் என்று பதில் வந்தது. அம்மாக்களுக்கு அதுதான் விளங்கவில்லை. படித்ததற்கா?

கால்வாய்க்கரை ஆண்கள் நகரத்தின் சாக்கடைக் குழிகளில் இறங்குகிறவர்கள். மூச்சுக்கருவியும் கயிறும் கொடுக்காவிட்டால் இனி இறங்க மாட்டோம் என்று ஒருமுறை உட்கார்ந்துவிட்டார்கள். நகரம் நாறியது. பிறகு ஒரு நாள், பேச்சுவார்த்தைக்கு என்று ஐந்து பேரை வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். வேன் திரும்பி வந்தது. அவர்கள் வரவில்லை. பல வருஷங்கள் கழித்து, மூடிக்கிடந்த செங்கல் சூளைக்குப் பின்னால் மண்ணைத் தோண்டியபோது எலும்புகள் கிடைத்தன. எது யாருடையது என்று கண்டுபிடிக்க ஒரு டாக்டரை அறக்கட்டளை அனுப்பியது. எலும்பு டாக்டர். இளம்பெண். அம்மாக்களின் கன்னத்து உள்பக்கத்தில் பஞ்சுக்குச்சியால் ஒரு தடவு தடவி எடுத்துப்போவாள். பிறகு எலும்புக்குப் பேர் வரும்.

அறக்கட்டளை இதில் ஒரு விதி வைத்திருந்தது. பெற்றவள் தன் வாயால் சரி என்று சொல்லாமல் பஞ்சு தொடக்கூடாது. அவளை யாரும் வற்புறுத்தக் கூடாது. காரணமும் கேட்கக் கூடாது. நான்கு அம்மாக்கள் சொல்லிவிட்டார்கள். நான்கு பேர் பெட்டியில் வீடு திரும்பினார்கள். ஐந்தாவது, பேர் இல்லாமல் அலமாரியில் இருந்தது. ஐந்தாவது அம்மா சரி என்று சொல்லவே இல்லை.

அந்த அம்மாவை இரவல்வாய் பெரியம்மா என்று கூப்பிடுவாள். ஒரே தெரு. பெரியம்மாவின் மகன் இவளைவிடச் சின்னவன். இவள் கடல் தாண்டிப் போகும்போது அவன் அரைக்கால் சட்டை. வளர்ந்தபின் பார்த்ததில்லை.

டாக்டர் வரும் ஒவ்வொரு முறையும் பெரியம்மா வருவாள். முதலில் ஆறிப்போகும்வரை டீயைக் கையில் வைத்திருந்து ஒரே மடக்கில் குடிப்பாள். பிறகு சொல்வாள். மகன் குளித்தான். சாப்பிட்டான். தட்டைக் கழுவி வைத்தான். வாசலில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டே, "அம்மா, போயிட்டு வரேன்" என்றான்.

"போயிட்டு வரேன்னுதானே சொன்னான்? போறேன்னா சொன்னான்? வரேன்னு சொன்னவனை நான் எப்படி எலும்புல தேடுவேன்?"

அவ்வளவுதான். டாக்டர் தலையசைத்துப் பெட்டியை மூடிவிடுவாள்.

அந்த பாஷையில் போறேன், போயிட்டு வரேன் இரண்டையும் ஒரே சொல்லால்தான் சொல்வார்கள். போகிறவன் வருவானா மாட்டானா என்று அந்தச் சொல்லில் இருக்காது. அதனால் இவள் ஒவ்வொரு முறையும் 'திரும்பி வருவேன்' என்று சேர்த்தே சொல்வாள். இன்னொன்றும் உண்டு. மொழிபெயர்க்கிறவள் 'அந்த அம்மா சொல்கிறாள்' என்று சொல்லக்கூடாது. நான் என்றால் நான். என் மகன் என்றால் என் மகன். வேலையில் சேர்ந்த அன்றே வக்கீலக்கா சொல்லிக்கொடுத்தது இது.

அப்படிச் சொல்லிச் சொல்லி அவன் இவளிடம் வந்துவிட்டான். எந்த அறையில் இருந்தாலும் வாசலில் ஒருத்தன் குனிந்து செருப்பு மாட்டிக்கொண்டிருப்பது மாதிரி இருக்கும். முகம் தெரியாது. பிடரி தெரியும், ஈரத்தலை தெரியும். நீலச் சட்டை. சட்டை நீலம் என்று பெரியம்மா ஒருநாளும் சொன்னதில்லை. எங்கிருந்து வந்தது என்று இவளுக்கும் தெரியாது. வீட்டில் அடுப்பு முன் நிற்கையில் முதுகுக்குப் பின்னால் செருப்பு தரையில் உரசும். திரும்ப மாட்டாள். திரும்பினால் போய்விடுவான் என்று ஒரு எண்ணம்.

பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவள் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டபோது, "ஒரு பொண்ணு, ஒரு பையன்" என்றாள். சொன்ன பிறகும் தப்பாகத் தெரியவில்லை. மகள்தான் கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"யாரும்மா அந்தப் பையன்? எனக்குச் சொல்லவே இல்லையே. சொத்துல பங்கு கேப்பானா?"

"சும்மா இருடி. வாய் தவறிடுச்சு."

"என்னை விட்டுட்டுப் போய் ரெட்டையா வளர்த்தே. இப்ப இவன் ஒருத்தன். நான்தான் எப்பவும் கடைசி."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். இவள் மிளகாயை நறுக்கிக்கொண்டே இருந்தாள்.

இந்த முறை டாக்டர் வந்தது கடைசி வருகை. வேறொரு நாட்டில் இதைவிடப் பெரிய குழி. சாயங்காலம் விமானம். அலமாரியில் இருப்பதை இனி நகராட்சியிடம் ஒப்படைத்துவிட வேண்டும். அவர்கள் பேர் இல்லாத பிணங்களோடு சேர்த்துப் புதைத்துவிடுவார்கள். இதைப் பெரியம்மாவிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள்.

பெரியம்மா வந்தாள். தலை வாரியிருந்தாள். டாக்டர் எதிரே உட்கார்ந்தாள். டீ வந்தது. வக்கீலக்கா போன் பேச வெளியே போயிருந்தாள். டயர் கடையில் காற்றடிக்கும் சத்தம்.

"குளிச்சான்" என்று பெரியம்மா ஆரம்பித்தாள்.

"குளித்தான்" என்றாள் இவள், அந்த பாஷையில்.

"சாப்பிட்டான். தட்டைக் கழுவி வெச்சான்."

இவளுக்கு இனி கேட்க வேண்டிய அவசியம் இல்லை. வாசலில் அவன் குனிந்துவிட்டான். பெரியம்மாவின் உதடு அசையும் முன்பே இவள் வாய் ஓடிக்கொண்டிருந்தது. செருப்பு. அம்மா. நான் போய்த் திரும்பி வருவேன்.

பெரியம்மா பேசி முடித்துவிட்டு டாக்டரின் பெட்டியைப் பார்த்தாள். டாக்டர் எப்போதும்போலத் தலையசைத்தாள். கையை ஒருமுறை பெரியம்மாவின் கைமேல் வைத்து எடுத்தாள். பெட்டியை மூடினாள்.

பெரியம்மா இவளைப் பார்த்தாள். "வேணாமாமா?"

"வேணாம்னா விட்டுடலாம் பெரியம்மா. யாரும் கட்டாயப்படுத்த மாட்டாங்க."

பெரியம்மா ஏதோ சொல்ல வந்தாள். பிறகு, பெரிய இடத்து ஆட்கள் வேண்டாம் என்று சொன்னால் எழுந்துபோய்ப் பழகியவள் எழுவது மாதிரி எழுந்தாள். புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு படியிறங்கிப் போனாள்.

இவள் டம்ளர்களை எடுத்தாள். ஒன்று நிறைய இருந்தது. மேலே ஆடை படிந்து சுருங்கியிருந்தது. பெரியம்மாவின் டீ.

பெரியம்மா டீயை விட்டுவிட்டுப் போகிறவள் இல்லை.

கையில் டம்ளரோடு நின்றாள். பஞ்சு எடுக்கும் அன்று காலையிலிருந்து ஒன்றும் வாயில் படக்கூடாது. வாயைக் கொப்பளித்துவிட்டு வர வேண்டும். மற்ற நான்கு பேருக்கும் இவள்தான் சொல்லியிருந்தாள். அவர்கள் பெரியம்மாவுக்குச் சொல்லியிருப்பார்கள்.

அப்போதுதான் காதில் விழுந்தது. பெரியம்மா சொன்னபோது விழாதது.

"போறேன்னான்."

போயிட்டு வரேன் இல்லை. அம்மா, போறேன்னான். அப்புறம் இன்னொரு வாக்கியமும் சொன்னாள். அதன்மேல் இவள் குரல் ஓடியிருந்தது. அது என்ன?

உள்ளறையில் டாக்டர் பெட்டிக்குப் பட்டை கட்டும் சத்தம். வக்கீலக்கா இன்னும் போனில் இருந்தாள். இந்த அறையில் இரண்டு பாஷையும் தெரிந்தவள் இவள் ஒருத்திதான். பேசாமல் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. கீழே போனவள்கூட டாக்டர்தான் வேண்டாம் என்றுவிட்டாள் என்று நினைத்துக்கொள்வாள். அலமாரியில் இருப்பது பேர் இல்லாமல் புதைபடும். அவன் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே இருப்பான்.

வாசலைப் பார்த்தாள். நீலச் சட்டை நிமிரவில்லை. எவ்வளவு நேரம் பார்த்தாள் என்று அவளுக்குத் தெரியாது. டாக்டர் தோளில் பையை மாட்டிக்கொண்டு வெளியே வந்து, எல்லாம் சரியா என்று அந்த பாஷையில் கேட்டாள்.

"போகாதே" என்றாள் இவள். குழந்தைகள் அம்மாவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு சொல்லுகிற சொல்தான் வந்தது. "நான் தப்பாகச் சொல்லிவிட்டேன். இரு. போகாதே."

வாசலைத் தாண்டி ஓடினாள்.

பெரியம்மா பஸ் நிறுத்தத்தில் நிழல் இல்லாத பக்கமாக நின்றிருந்தாள்.

"பெரியம்மா, போறேன்னா சொன்னான்?"

"அதைத்தானே அங்க சொன்னேன். தேடச் சொல்லுன்னும் சொன்னேனே."

"இத்தனை நாளும் போயிட்டு வரேன்னு..."

"அது நான் சொன்னது." பெரியம்மா ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "அம்மா போறேன்னான். போறேன்னு சொல்லாதடா, போயிட்டு வரேன்னு சொல்லுன்னு திட்டினேன். சிரிச்சான். சொல்லாமலே போயிட்டான். திட்டினப்ப சொல்லியிருப்பான், சொல்லியிருப்பான்னு எனக்கு நானே வெச்சுக்கிட்டேன். எத்தனை தடவை சொன்னேன்! நீயும் அழகா எடுத்துச் சொல்லுவே. நீ சொல்றதைக் கேக்கவே வருவேன். அர்த்தம் புரியாது. ஆனா அந்த இடம் வந்ததும் உன் குரல் ஒரு மாதிரி எறங்கும். அவன் வந்துட்டு இருக்கான்னு தோணும்."

இவள் பெரியம்மாவின் கையைப் பிடித்தாள்.

"இன்னிக்கும் எறங்குச்சு. அப்பவே நெனச்சேன், இவ மாத்திச் சொல்லலையோன்னு. அப்புறம், டாக்டரம்மாவுக்கே வேணாம் போலன்னு எழுந்துட்டேன்."

"டாக்டருக்கு வேணும் பெரியம்மா. நான்தான்... என் வாய்தான்."

"வாய்ன்னா தவறத்தானே செய்யும். அதுவும் இரவல் வாய்" என்றாள் பெரியம்மா. பஸ் வந்தது. ஏறவில்லை. "அவன் அங்க தனியா இருக்கான்டி. மத்தவங்க எல்லாம் வீட்டுக்குப் போயிட்டாங்க. வா."

படியில் பெரியம்மா முன்னால் ஏறினாள். இவள் பின்னால். வாசலில் யாரும் இல்லை. செருப்புகள் மட்டும் கிடந்தன: டாக்டருடையது, வக்கீலக்காவுடையது.

டாக்டர் பையை இறக்கி, பட்டையை அவிழ்த்து, கையுறை போட்டுக்கொண்டாள். விதிப்படி கேட்டாள். இவர் உங்களுக்கு என்ன வேண்டும்? இவரைத் தேட எனக்கு அனுமதி தருகிறீர்களா?

இவள் தமிழில் கேட்டாள். பெரியம்மா சொன்னாள். இந்தமுறை இவள் ஒவ்வொரு சொல்லாகக் காத்திருந்து எடுத்தாள்.

"நான் அவன் அம்மா" என்றாள் இவள், அந்த பாஷையில். "என் மகன் போகிறேன் என்று சொன்னான். வருவேன் என்று சொல்லவில்லை. அதை நான் சேர்த்துக்கொண்டேன். தேடுங்கள்."

டாக்டர் இவளைப் பார்த்தாள். பிறகு பெரியம்மாவைப் பார்த்தாள். பஞ்சுக்குச்சியை உறையிலிருந்து எடுத்து, வாயைத் திறக்கும்படி சைகை செய்தாள்.

பெரியம்மா வாயைத் திறந்தாள். அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்ற இவளும் திறந்தாள்.