அம்மாவின் பன்னீர் ரோஜா

அம்மாவின் காரியம் முடிந்த கையோடு, கொல்லையைச் சுத்தம் செய்து மாட்டுக்கொட்டகை போடப் போவதாக அண்ணன் சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அம்மா வைத்த பன்னீர் ரோஜா அங்கேதான் நின்றது. சாயங்காலம் தலைவாரிக் கொண்டையில் ஒரு பூவைச் செருகிக்கொள்வாள். அடுப்படியில் அவளைப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டு முகம் புதைத்தால், நல்லெண்ணெயும் வியர்வையும் ரோஜாவுமாக ஒரு வாசனை வரும். அது எனக்கு வேண்டும். நகைநட்டெல்லாம் அண்ணியே வைத்துக்கொள்ளட்டும் என்று, செடியைத் தாய்மண்ணோடு பெயர்த்து ஈரச் சாக்கில் சுற்றிக்கொண்டு கிளம்பினேன்.

திருவாடானைப் பக்கத்து வயற்காட்டில் பிறந்த என்னைப் பாம்பனில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். இரண்டு வீட்டுக்கும் வேதம் ஒன்றுதான், மாதா கோயில்தான்; மண்தான் வேறு. பஸ், ரயில் என்று மாறி வீடு வந்து சேர்ந்ததும் அசதியில் கண்ணயர்ந்துவிட்டேன். எழுந்து பார்த்தால், வீட்டுக்காரர் செடியை நட்டு முடித்து, கைகழுவிக்கொண்டு பெருமையாக நிற்கிறார். கடலில் பிழைக்கிற மனுஷன். வாழ்நாளில் தென்னையைத் தவிர வேறெதையும் நட்டதில்லை.

"குழியில என்ன போட்டீங்க?"

"மீன் கொடலும் ரெண்டு கை கல்லுப்பும். உப்புப் போடாம எப்படிப் புள்ள வேர் பிடிக்கும்?"

"இது தென்னையாங்க?"

நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக் கோழிகள் சிதறி ஓடின. செடியைப் பிடுங்கி, குடிக்க வைத்திருந்த நல்ல தண்ணீரில் வேரை அலசினேன். ஊர்மண் முழுக்க உப்போடு போய்விட்டது. வெறும் மணலில் நட்டு வைத்தேன், இலைகள் பழுத்து உதிர்ந்தன. அவரோடு பேச்சை நிறுத்திவிட்டேன்.

ஒருநாள் காலையில் சொல்லாமல் எங்கோ போனவர், மறுநாள் ஸ்டேஷனிலிருந்து தலையில் மூட்டையோடு வந்தார். எங்கள் ஊர்க் கண்மாயின் வண்டல்.

"'மாப்பிள்ள மண்ணுக்கா வந்தீக?'னு ஒங்க அண்ணன் சிரிச்சாரு" என்றார். அதோடு என் கோபம் போன இடம் தெரியவில்லை.

வாய் உடைந்த பானையில் வண்டலை நிரப்பிச் செடியை மாற்றினோம். குடிதண்ணீரில் என் பங்கில் பாதியை அதற்கு ஊற்றினேன். மழைக்குப் பிறகு துளிர்த்தது, மார்கழியில் மொட்டு விட்டது. முதல் பூவை மாதாவுக்குக் கொடுப்பதுதான் இங்கே வழக்கம். "மாதா கோவிச்சுக்க மாட்டாக, அவுகளும் ஒரு அம்மாதான்" என்று சொல்லி நானே பறித்துக்கொண்டேன்.

நல்லெண்ணெய் தேய்த்துத் தலைவாரி, அம்மா செருகுகிற அதே இடத்தில் செருகிக்கொண்டு அடுப்படியில் நின்றேன். வாசனை வரவில்லை. கழுத்தை வளைத்துப் பார்த்தேன். அடுப்பில் குழம்பு கொதிக்கிற வாசனைதான் வந்தது.

உள்ளே வந்த வீட்டுக்காரர் என் பின்னால் நின்று மூச்சை இழுத்து, "அடேயப்பா, என்னமா மணக்குது!" என்றார்.

அந்த வாசனை பின்னால் நிற்கிறவர்களுக்குத்தான் போல. எனக்குப் பூ கிடைத்துவிட்டது, முகம் புதைக்க முதுகுதான் இல்லை.