ருமியானா மறைத்த கோல்

எங்கள் பல்கேரியச் சிற்றூரில் ருமியானா தபால்காரி. அவள் தெருவில் குழாய் உடைந்து நான்கு மாதமாகத் தண்ணீர் இல்லை. நான் வெளிநாட்டுக்காரன், ஓட்டுரிமை கிடையாது; அதனாலோ என்னவோ, எல்லோரும் என்னிடம்தான் புலம்புவார்கள். அவளும் புலம்பித் தீர்த்தாள்.

ஊர்ச்சபையின் இரண்டு கட்சிக்காரர்களும் முகம் பார்த்துப் பேசாதவர்கள். ஆனால் அவளுடைய மனு வந்த அன்று ஒரே குரலில் கூட்டத்தை ஒத்திவைத்தார்கள். எங்கள் ஊர்க் கால்பந்து அணி முதன்முறையாகத் தொலைக்காட்சியில் ஆடும் நாள் அது.

ஊரே கூடி ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்த மதுக்கடைக்கு ருமியானா போய், தொலைக்காட்சியை மறைத்து நின்றாள்.

"அக்கா, தள்ளு! பெனால்டி!" என்று அலறினார் மேயர் ஸ்வெதான்.

"குழாய் போடுற உத்தரவுல கையெழுத்துப் போடு, தள்ளுறேன்."

"விடிஞ்சதும் போடுறேன், சத்தியமா!"

"நாலு மாசமா உனக்கு விடியவே இல்லியே!"

அவள் நீட்டிய தாளில் அவர் பார்க்காமலே கிறுக்கினார். அதற்குள் கோல் விழுந்துவிட்டது. அன்று எங்கள் அணி அடித்த ஒரே கோல்.

அடுத்த வாரம் தண்ணீர் வந்தது. அதைப் பிடிக்கும் தெருக்காரர்களே இன்றும் அவளிடம் பேசுவதில்லை. "தண்ணி என்னிக்காவது வந்திருக்கும். அந்த கோல் திரும்ப வருமா?" என்று என்னிடம் கேட்கிறார்கள்.

ருமியானா அவர்கள் தபாலை வாசலில் விட்டெறிந்துவிட்டுப் போகிறாள்.