கம்பி இறுக்கிய ஜம்புக் கிளை

இன்று காலை வெள்ளவத்தை ஃபிளாட்டின் மொட்டை மாடிக்கு உடுப்புக் காயப்போடப் போனேன். பீப்பாய்க்குள் நிற்கும் எங்கள் ஜம்பு மரத்தடியில் ரோசா நிறத்தில் நூல் நூலாகப் பூ கொட்டிக் கிடந்தது. முதல் பூ! கீழே ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னால், "அந்த மரத்தில மட்டும் உடுப்புக் கொடி கட்டிப்போடாதை பிள்ளை" என்கிறார். அந்தப் பயத்துக்கு ஒரு கதை இருக்கிறது, கேளுங்கள்.

முன்பு கொட்டாஞ்சேனையில் வாடகைக்கு இருந்தபோது எங்களுக்கும் பக்கத்து வீட்டு மேரி அன்ரிக்கும் ஒரே முற்றம். துறைமுகக் காற்று வரும் பக்கத்தில் யார் உடுப்புக் காயப்போடுவது என்று தினமும் இழுபறி. ஒருநாள் அன்ரி தன் கொடிக் கயிற்றை வீசிவிட்டு, எங்கள் ஜம்பு மரத்தின் தாழ்ந்த கிளையொன்றில் இரும்புக் கம்பியை இறுக்கிக் கட்டிவிட்டார். சேலைகள் ஆடிய ஆட்டத்தில் கம்பி பட்டைக்குள் இறங்கியதை யார் கண்டது?

வீட்டுச் சொந்தக்காரர், இடித்து ஃபிளாட் கட்டப் போகிறேன், வீட்டை விட்டு எழும்புங்கள் என்று சொன்ன பிறகுதான் அம்மா மரத்தை வடிவாகப் பார்த்தார். குறட்டால் கம்பியைக் கழற்றினால், பட்டையும் வளையமாகக் கூடவே வந்தது.

"விட்டிட்டுப் போற மரத்தைக் கொலையும் செய்துபோட்டியள்!" அம்மா அழுதேவிட்டார்.

"நான் வேணுமெண்டோ செய்தனான், அக்கா?" அன்ரியும் அழுதார். அதோடு இருவருக்கும் பேச்சில்லை.

ஆனால் கிளை வாடவே இல்லை. அப்போது நான் உயர்தர வகுப்பில் உயிரியல் படித்துக்கொண்டிருந்தேன். காழ், உரியம் என்று படம் கீறிக் கீறியே பென்சில்களை முடித்த மேதாவி. முற்றத்தில் நின்று உரத்த குரலில் தொடங்கினேன்.

"தண்ணி ஏறுறது உள்மரத்துக் காழால அம்மா. அதுக்கு ஒண்டும் நடக்கேல்லை. இலை செய்யிற சாப்பாடு இறங்குறதுதான் பட்டையோட இருக்கிற உரியத்தால. இறங்க வழியில்லாம மேல தேங்கித்தான் கிளை இப்பிடி வீங்கியிருக்கு. அதில ஈரமண் வைச்சுக் கட்டினா வேர் விடும். பதியம் மாதிரி."

"விடுமோ?" கேட்டது அம்மா இல்லை. அன்ரி தன் வாசலில் நின்றிருந்தார்.

"விடவேணும்" என்றார் அம்மா, என்னைப் பார்த்தபடி.

அன்ரி தன் பழைய தும்பு மெத்தையைக் கிழித்துக்கொண்டு வந்தார். தும்பை நனைத்து, மண்ணோடு பிசைந்து வைத்து, சொப்பிங் பேக்கால் சுற்றினோம். வீடு மாற லொறி வருமுன் வேர் வருமா? எனக்கோ உயர்தரச் சோதனை முடிவை விட இது பெரிய பயம். விடிந்தால் அம்மாவும் அன்ரியும் அந்தப் பையின் முன்னால்தான். ஒரு காலை அன்ரி போட்ட சத்தத்தில் தெருவே எழும்பியது.

"அக்கா! ஓடி வாங்கோ, வெள்ளை வெள்ளையா வந்திட்டுது!"

வேருக்குக் கீழே வெட்டி, லொறியில் மடியில் வைத்தே அம்மா அதைக் கொண்டுவந்தார்.

அந்த முற்றத்தில் இப்போது கார்கள் நிற்கின்றன. தாய்மரம் இல்லை. காற்றுக்காகச் சண்டை பிடிக்கவும் ஆளில்லை. இந்த ஃபிளாட்டில் பக்கத்து வீட்டாரின் பெயரே எனக்குத் தெரியாது. சற்று முன் அம்மா, அன்ரி இப்போது இருக்கும் வத்தளைக்குப் போன் எடுத்தார்.

"மேரி, பூத்திட்டுது! முதல் பழம் உமக்குத்தான், வாரும்." பிறகு ஒரு சிரிப்பு. "கம்பியை மட்டும் கொண்டு வந்திடாதையும்!"